வண்ண ஃபிலிம் கழுவ இடம் தேவை

நுவரெலியா கிரகரி வாவிக்கரையில் கடந்த மாதம் மொடல் ஒருவரை நிக்கோன் எஃப்எம்2 கமராவில் எடுத்த கொடக் கோல்ட் 200 வண்ணச் சுருள்களும் இல்ஃபோர்ட் எச்பி5 கறுப்பு வெள்ளைச் சுருளும் இன்னும் கழுவப்படவில்லை. ஹட்டனிலும் கண்டியிலும் விசாரித்த ஸ்டூடியோக்காரர்கள் ஃபிலிம் கழுவுவதை எப்போதோ நிறுத்திவிட்டதாகக் கூறினர். ஒருவர் மட்டும் இரண்டையும் வண்ண ஃபிலிம் கழுவும் சி-41 இரசாயனத்திலேயே போடலாம் என்றார். அப்படிச் செய்தால் கறுப்பு வெள்ளைச் சுருளில் படமாக நிற்கும் வெள்ளி உலோகம் முழுதும் வெளுத்து, வெற்று ஃபிலிம்தான் மிஞ்சும் என்பதால் கொடுக்கவில்லை. அதை வீட்டிலேயே 20 பாகையில் கழுவிக்கொள்வேன். வண்ணச் சுருளுக்கோ இரசாயனம் 38 பாகையிலேயே நிற்க வேண்டும். வாளியில் வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன், இங்குள்ள குளிரில் அது உடனே ஆறிவிடுகிறது. இப்போதைக்குச் சுருள்கள் காற்றுப்புகாத டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கின்றன. மொடலும் படங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மலையகத்திலோ கொழும்பிலோ, சி-41 முறையில் இன்றும் ஃபிலிம் கழுவி, நெகட்டிவையும் திருப்பித் தரும் இடம் எது?