ஆவரிஸ் வேற, ஆவரிஷஸ் வேற (குடும்பக் குழு)

கவிதா: அத்தை, ‘ஹி இஸ் அன் ஆவரிஸ் மேன்’ தப்புன்னு இங்கிலீஷ் விடைத்தாள்ல போட்டிருக்கு. பேராசைன்னுதானே அர்த்தம், எங்க தப்பு?

செல்வி அத்தை: அர்த்தம் சரிம்மா. ஆனா ஆவரிஸ் பெயர்ச்சொல், குணத்தோட பேரு. ஆளைச் சொல்லணும்னா ‘அன் ஆவரிஷஸ் மேன்’. கடைசி ‘ஈ’ போய் ‘ஐ-ஓ-யூ-எஸ்’ வரும், மாலிஸ் - மாலிஷஸ் மாதிரி. ‘சி’க்கு முன்னாடி ஒரு ‘எஸ்’ நுழைச்சுடாதே, நிறைய பேர் அங்கதான் மார்க்கை விடறாங்க.

பெரியப்பா: உச்சரிப்பும் மாறும். ஆவரிஸ்ல அழுத்தம் முதல் அசையில, ஆவரிஷஸ்ல ‘ரி’ மேல.

கவிதா: பேசாம கிரீடின்னே எழுதிட்டா?

செல்வி அத்தை: கிரீடி சாப்பாடு, பணம், பதவி எல்லாத்துக்கும் பொருந்தும். லட்டுக்குப் பறக்கிற பிள்ளை கிரீடி. அதை ஆவரிஷஸ்னு சொல்லவே கூடாது. அது பணம், சொத்து மேல வர்ற வெறி. கடுமையான சொல், எழுத்துலதான் அதிகம் வரும். கிறிஸ்தவத்துல சொல்ற ஏழு பாவங்கள்ல ஒண்ணு.

கவிதா: அப்ப கஞ்சத்தனமா?

பெரியப்பா: இல்லடா. கொடுக்க மனசு வராதவன் ஸ்டிஞ்சி. ஆவரிஸ்ல சேர்க்கிற துடிப்பு முக்கியம். லத்தீன்ல ‘அவேரே’ன்னா ஏங்குறது, அந்த வேர்தான்.

செல்வி அத்தை: அடுத்தவங்க பொருள் மேல கண்ணு வெச்சா கவட்டஸ். பத்துக் கட்டளையில ‘இச்சியாதிருப்பாயாக’ன்னு வர்ற இடத்துல இங்கிலீஷ்ல ‘கவெட்’தான். குறள்ல 18ஆம் அதிகாரம் வெஃகாமை, அதுவும் இதே விஷயம். கவட்டஸுக்குப் பின்னாடி ‘ஆஃப்’, கிரீடிக்கு ‘ஃபார்’. மாத்திடாதே.

கவிதா: ‘தி ___ மனிலெண்டர் சீஸ்ட் தேர் லேண்ட்’. ஆவரிஷஸா, ரபேஷஸா?

பெரியப்பா: ‘சீஸ்ட்’, அதாவது பறிச்சுக்கிட்டான்னு இருக்கே, ரபேஷஸ். லத்தீன் ‘ரபேரே’ன்னா பிடுங்குறது, வேட்டைப் பறவையை ராப்டர்னு சொல்றதும் அதே வேர்லதான். தங்கத்தைப் பதுக்கிப் பதுக்கி வெச்சான்னு வாக்கியம் போனா ஆவரிஷஸ் போடு.

கவிதா: வொரேஷஸ்?

செல்வி அத்தை: அடங்காத பசி. ஆனா திட்டுறதுக்கு மட்டும் இல்லை, ‘வொரேஷஸ் ரீடர்’னா ஓயாம படிக்கிறவர்னு பாராட்டு. ஆவரிஷஸ், கவட்டஸ், ரபேஷஸ் மூணுமே பழிதான்.

கவிதா: ‘ஹி வாஸ் ஆவரிஷஸ் ஃபார் மனி’. சரியா அத்தை?

செல்வி அத்தை: ‘ஃபார் மனி’யை எடுத்துடு. பணம் அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு.