போனில் அரை நிமிடம், நேரில் அரை நாள்

வயதான சொந்தக்காரர்களோடு எப்படிப் பேச்சுத் தொடர்பு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். அப்பாவோடு பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த மாமா ஒருவர் திருச்சியிலேயே இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். போன் செய்தால், "நல்லா இருக்கேன் தம்பி, நீ சாப்பிட்டியா? சரி, வச்சிடறேன்." அவ்வளவுதான். பேசப் பிடிக்காமல் இல்லை. எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசிப் பழகியவர். ராத்திரியில் கட்டணம் குறையட்டும் என்று காத்திருந்து வரிசையில் நின்ற தலைமுறை. இப்போது எவ்வளவு பேசினாலும் ஒரே காசுதான் என்றால் நம்பமாட்டார்.

அவர் வாய் திறப்பது அக்டோபரில்தான். ரயில்வே பென்ஷன்காரர்கள் உயிரோடு இருக்கிறோம் என்று வருடா வருடம் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு நவம்பர், 80 ஆனவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். ஆயுசெல்லாம் லேத்தில் தேய்ந்த விரல், கைரேகை மிஷினில் விழாது. 2021-இல் முகத்தைக் காட்டினாலே போதும் என்று வந்த பிறகு, அதற்கான அரசின் ஜீவன் பிரமாண் செயலியில் என் மொபைலிலேயே எடுத்துக்கொடுக்கிறேன். "கண்ணைச் சிமிட்டுங்க மாமா" என்றால் இறுக மூடிக்கொள்வார். அத்தைக்குச் சிரிப்பு தாங்காது.

அந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அப்புறம்தான் பேச்சு. குவார்ட்டர்ஸில் யார் வீட்டில் என்ன சண்டை, எந்த ஃபோர்மேன் எப்படி விரட்டினார், எங்கள் அப்பா எதற்கெல்லாம் லீவு போட்டார் (அம்மாவுக்கே தெரியாது) எல்லாம் வரும். இவர் ரிட்டயர் ஆன பிறகு ஊட்டி மலை ரயிலுக்குப் பொன்மலையில் புதிதாக நீராவி எஞ்சின் செய்தார்கள். தான் இல்லாமல் எப்படிச் செய்தார்கள் என்கிற ஆதங்கம் இன்னும் தீரவில்லை.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் இவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. கையில் ஒரு வேலையோடு போய் உட்கார வேண்டும்.

*

எங்கள் பெரியம்மாவுக்குக் காது மந்தம், போனே எடுப்பதில்லை. 50 பைசா போஸ்ட் கார்டில் எழுதிப் போடுகிறேன். தெருவில் எல்லோரிடமும் படித்துக் காட்டிவிடுகிறார் என்பதால் வீட்டு விஷயம் எதையும் எழுதுவதில்லை. மழை, மாங்காய், பேரன் மார்க்கு, இவ்வளவுதான்.

*

முதலில் எழுதிய தம்பிக்கு: 70 ரூபாய் கொடுத்தால் தபால்காரரே வீட்டுக்கு வந்து அந்த சர்டிபிகேட்டை எடுத்துக்கொடுப்பாரே. நீங்கள் ஏன் அலைகிறீர்கள்?

*

தெரியும் அண்ணா. மாமாவிடம் மட்டும் சொல்லிடாதீங்க.