வெளிவாரிப் பட்டமா, என்.வி.கியூ.வா? நுவரெலியாவிலிருந்து ஒரு கேள்வி

ராகலைத் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) கலைப்பிரிவில் மூன்று பாடமும் சித்தி. ஆனால் இசட் ஸ்கோர் (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) கம்பஸுக்குப் போதவில்லை. இப்போது நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு உதவியாளாக இருக்கிறேன். அப்பா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வெளிவாரி (கம்பஸில் தங்காமல் வெளியிலிருந்து படிக்கும்) பி.ஏ.க்குப் பதியச் சொல்கிறார். எலக்ட்ரீஷியன் அண்ணன் என்.வி.கியூ. 4 (தேசிய தொழிற்தகைமை, நாலாம் மட்டம்) எடு என்கிறார். கையில் இருக்கிற காசுக்கு ஒன்றைத்தான் தொடங்கலாம். எது என்னை மேலே கொண்டுபோகும்?

பண்டாரவளை வயரிங் பாஸ்:
தம்பி, யோசிக்கவே வேண்டாம், என்.வி.கியூ. நீங்கள் ஏற்கெனவே வேலை தெரிந்தவர். முதலிலிருந்து கோர்ஸ் படிக்கத் தேவையில்லை. செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாகக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன்னால் செய்துகாட்டிச் சான்றிதழ் எடுக்கும் முறை இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். தொழிற்பயிற்சிக்கான அரச நிறுவனமான நைட்டாவில் போய்க் கேளுங்கள்.

பி.ஏ. கணக்கைப் பாருங்கள். மூன்று வருடப் பட்டம் என்றால் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 90 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலப் படிப்பு. மொத்தம் 4,500 மணித்தியாலம். ஹோட்டல் ஷிப்டுக்குப் பிறகு வாரம் 20 மணித்தியாலம் ஒதுக்கினாலும் நாலு வருடம் தாண்டும். அதுவும் பரீட்சைகள் நேரத்துக்கு நடந்தால்தான்.

பொகவந்தலாவை டீச்சர்:
பாஸ் சொல்வது சம்பளக் கணக்கு. தம்பி கேட்டது மேலே போகும் வழி. நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்கு உட்கார முதலில் பட்டம் வேண்டும். கல்வி நிர்வாக சேவைக்கும் அப்படித்தான். பிறப்புப் பதிவோ காணிப் பிரச்சினையோ, பிரதேச செயலகத்துக்குப் போகிற நம் தோட்டத்து அம்மா ஒருவர் தன் மொழியில் பேச ஒரு அதிகாரியைத் தேடி நிற்கிறார். அந்தக் கதிரையில் நம் பிள்ளை உட்கார வேண்டாமா? என்.வி.கியூ. 4 அந்தக் கதவைத் திறக்காது.

2014இல் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களைக் கோரியபோது மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய், பிறகு 10,000. அதே வகுப்பறை, அதே பிள்ளைகள். பயிற்சித் தகைமையை முடித்தால்தான் ஆசிரியர் சேவைக்குள் எடுத்தார்கள். கையில் தகைமை இல்லாதவரின் உழைப்பை எவ்வளவு மலிவாக எடுப்பார்கள் என்பதை அந்தப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

பண்டாரவளை வயரிங் பாஸ்:
டீச்சர், உங்கள் மேல் மரியாதை இருக்கிறது. ஆனால் அரசாங்கக் கதவு எப்போது திறக்கும் என்று பட்டதாரிக்குத் தெரியாது. 2020இல் ஆயிரக்கணக்கான பட்டதாரிகளை மொத்தமாகப் பயிற்சிக்கு எடுத்தபோது கொடுத்தது மாதம் 20,000 ரூபாய். அதற்காக எத்தனை பேர் எத்தனை வருடம் காத்திருந்தார்கள்! லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருக்கிற குடும்பம் அவ்வளவு காலம் காத்திருக்குமா? 2024இல்தான் தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ஆனது. ஒரு பிள்ளை உழைக்கத் தொடங்கினால் வீடே நிமிரும்.

அதோடு என்.வி.கியூ. 4 முட்டுச்சந்து இல்லை. 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். இரத்மலானைத் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இந்த வழியில் வருகிறவர்களுக்காகத்தான் 2008இல் சட்டம் போட்டு உருவாக்கப்பட்டது.

பொகவந்தலாவை டீச்சர்:
4இலிருந்து 7 வரை போன நம் தோட்டத்துப் பிள்ளைகளில் உங்களுக்குத் தெரிந்தவர் எத்தனை பேர், பாஸ்? வழி தாளில் இருக்கிறது. மேலே போகப் போகப் பாடம் ஆங்கிலத்தில். சம்பளம் கைக்கு வந்ததும் பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

வெள்ளவத்தையில் ஹட்டன்காரி:
நான் ஒரு கம்பனியில் ஆட்சேர்ப்புப் பிரிவில் இருக்கிறேன். என் மேசைக்கு வருகிற விண்ணப்பங்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் தவறிப்போவது பெரும்பாலும் பட்டம் இல்லாததால் அல்ல. நேர்முகத்தில் சிங்களமும் ஆங்கிலமும் தடுமாறுகின்றன. தம்பி எதை எடுத்தாலும் பக்கத்தில் ஒரு மொழி வகுப்பும் வேண்டும்.

இன்னொன்று, நகரத்துக் கட்டடங்களில் போர்டு போட்டு விற்கிற ‘ஒரு வருட டிகிரி’களில் காசைக் கொட்டாதீர்கள். பட்டம் என்றால் அதை வழங்கும் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்று பாருங்கள். தொழிற்கல்வி என்றால் அந்த நிறுவனம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவா, அந்தக் குறிப்பிட்ட கோர்ஸுக்குத் தரச்சான்று உண்டா என்று இரண்டையும் பாருங்கள். பதிவு மட்டும் இருந்தால் போதாது.

பொகவந்தலாவை டீச்சர்:
தம்பி, ஒன்றை யாரும் கேட்கவில்லை. ஏ.எல். எத்தனை தரம் எழுதினீர்கள்?

ராகலைத் தம்பி:
இரண்டு தரம், டீச்சர்.

பொகவந்தலாவை டீச்சர்:
மூன்றாம் தரம் இருக்கிறதே! பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டம், மிச்ச 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் உள்ளவை. இசட் ஸ்கோர் எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். கொஞ்சந்தான் என்றால் இந்த முறை எழுதுங்கள். உள்வாரியாகப் படிக்கக் கட்டணம் இல்லை. வசதி குறைந்தவர்களுக்கு மஹாபொல உதவித்தொகையும் இருக்கிறது. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியையும் மறக்காதீர்கள். பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கவே ஜெர்மனி உதவியோடு கட்டிய இடம் அது. டிப்ளோமா எடுத்து நியமனத்தோடு நின்றுவிடாமல், பிறகு திறந்த பல்கலைக்கழகத்திலோ தேசிய கல்வி நிறுவகத்திலோ கல்விமாணி (பி.எட்.) செய்யலாம்.

பண்டாரவளை வயரிங் பாஸ்:
மூன்றாம் தரத்துக்கு நானும் தடை சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டுப் படிக்காதே என்பதுதான் என் பேச்சு. முன்கற்றல் வழியில் என்.வி.கியூ. எடுக்க வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. அது நடக்கட்டும், பரீட்சையும் எழுதட்டும். வெளிவாரி பி.ஏ.க்கு மட்டும் இப்போது காசு கட்ட வேண்டாம்.

பொகவந்தலாவை டீச்சர்:
இப்போது வேண்டாம் என்பது சரி. வேண்டவே வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ராகலைத் தம்பி:
குறைந்த புள்ளி பெரிதில்லை, டீச்சர். பழைய பெறுபேற்றுத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டேன். அப்பாவிடம் இன்றிரவு பேசுகிறேன். பாஸ் அண்ணே, அந்தக் கோப்புக்கு என்னென்ன வேண்டும்?

பண்டாரவளை வயரிங் பாஸ்:
ஹோட்டலில் மெனேஜரிடம் சேவைக் கடிதம் ஒன்று, நீங்கள் செய்த வேலைகளின் படங்கள், அந்த அண்ணன் கையெழுத்திட்ட வேலைப் பட்டியல். டீபி போர்டு (மின்பகிர்வுப் பெட்டி) வேலை செய்யும்போது இன்றைக்கே படம் எடுக்கத் தொடங்குங்கள். மெயினை ஓஃப் பண்ணிவிட்டு!