புதுப்பிப்பு: ஹாக்கிங் பந்தயம் குறித்து வந்த மறுமொழிகள்

ஒளிகூட வெளியேற முடியாத கருந்துளைக்குள் விழும் பொருளைப் பற்றிய தகவல் அழிந்துவிடுமா என்ற கேள்வியில், 1997-இல் இயற்பியலாளர்கள் ஸ்டீபன் ஹாக்கிங்கும் கிப் தோர்னும் அழியும் என்ற பக்கமும் ஜான் பிரெஸ்கில் அழியாது என்ற பக்கமுமாக நின்று கட்டிய பந்தயத்தையும், அதில் ஹாக்கிங் பின்னர் தோல்வியை ஒப்புக்கொண்டதையும், நேர்மையான வாதத்துக்குச் சான்றாக முந்தைய இழையில் எழுதியிருந்தேன். புகழின் உச்சியில் இருப்பவருக்குத் தோல்வியை ஒப்புக்கொள்வதில் இழப்பு ஏதுமில்லை என்று நண்பர் ஒருவர் மறுத்திருக்கிறார்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. தகவல் அழியும் என்பது 1970-களிலிருந்து ஹாக்கிங்கின் பெயரோடு பிணைந்திருந்த கருத்து. அதை 2004 ஜூலையில் டப்ளின் மாநாட்டில், துறை அறிஞர்கள் அனைவர் முன்னிலையிலும் கைவிட்டு, பந்தயப்படி பிரெஸ்கிலுக்கு பேஸ்பால் கலைக்களஞ்சியம் ஒன்றை அவர் அளித்தார்.

அப்போது தோல்வியை ஒப்புக்கொள்ளாத தோர்னைப் பிடிவாதக்காரர் என்று சிலர் எழுதியிருப்பதும் சரியல்ல. கூட்டாளி ஒப்புக்கொண்டுவிட்டார் என்பதற்காக, தமக்கு நிறைவளிக்காத விளக்கத்தை அவர் ஏற்க வேண்டியதில்லை. பிரெஸ்கிலோ, தம்மை வெற்றியாளராக அறிவித்த அந்த உரையே தமக்குப் புரியவில்லை என்றும், விரிவான கட்டுரையை எதிர்பார்ப்பதாகவும் வெளிப்படையாகச் சொன்னார். தமக்குச் சாதகமான முடிவைக்கூட அதன் காரணம் விளங்கும்வரை முழுமையாக ஏற்காத அந்த நேர்மை, ஹாக்கிங்கின் ஒப்புதலைவிடவும் அரிது என்றே கருதுகிறேன்.

ஹாக்கிங் தோல்வியை ஒப்புக்கொண்டது ஒருமுறை மட்டும் நடந்த காட்சி என்பதும் உண்மையல்ல: சிக்னஸ் எக்ஸ்-1 என்ற விண்பொருள் கருந்துளை அல்ல என்று 1974-இல் தோர்னுடன் கட்டிய பந்தயத்தையும், சான்றுகள் வலுத்தபின் 1990-இல் ஹாக்கிங் விட்டுக்கொடுத்தார்.