ப்ராக்ல 3 நாள், நானும் வைஃபும்: லிஸ்ட்ட எப்படி குறைக்கிறது?

வணக்கம் மக்களே, அக்டோபர் கடைசில நானும் வைஃபும் பெர்லின்ல இருந்து ட்ரெயின்ல செக் நாட்டு தலைநகர் ப்ராக் போறோம், முழுசா 3 நாள். நான் போட்ட லிஸ்ட்ல 19 இடம் இருக்கு, அத பாத்துட்டு இது ஹாலிடேவா இன்ஸ்பெக்‌ஷனான்னு கேக்குறா. அவளுக்கு முட்டி வலி வேற, கோட்டை மலை மேல இருக்காமே? சாப்பாடு சைவம், முட்டை ஓகே. யூரோ செல்லுமா இல்ல காசு மாத்தணுமா?

ஊர்சுத்தி:
வீட்டம்மா சொன்னது சரிதான் ப்ரோ, பாதிய அடிச்சிருங்க. கோட்டைக்கு கீழ இருந்து ஏறவே ஏறாதீங்க, 22ஆம் நம்பர் ட்ராம் மேலயே கொண்டுபோய் விட்டுரும். வளாகத்துக்குள்ள நடக்க காசு கிடையாது, செயின்ட் வைட்டஸ் சர்ச், எழுத்தாளர் காஃப்கா கொஞ்ச நாள் இருந்த குட்டி வீட்டு சந்து, இந்த மாதிரி இடங்களுக்கு உள்ள போகத்தான் டிக்கெட். சர்ச்ச 1344ல ஆரம்பிச்சு 1929லதான் முடிச்சாங்க, நம்ம ஊரு பாலம் வேலையெல்லாம் தேவலன்னு தோணும். முடிச்சுட்டு பழைய படிக்கட்டு வழியா இறங்குங்க, வியூ செம.

சோத்துமூட்டை:
படிக்கட்டா? முட்டி வலிக்காரங்களுக்கு ஏத்தத்த விட இறக்கம்தான் எமன். வியூவ மேல இருந்தே பாத்துட்டு அதே ட்ராம்ல திரும்பிருங்க. ஓல்டு டவுன் ஹால் டவருக்கு லிஃப்ட் இருக்கு, அங்க தைரியமா போகலாம். கீழ 1410ல வச்ச கடிகாரம், மணிக்கு மணி எலும்புக்கூடு கயித்த இழுக்கும், மேல அப்போஸ்தலர், அதான் இயேசுவோட சீடர்கள், பொம்மைங்க சுத்தி வரும், கடைசியா சேவல் கூவும், அவ்ளோதான், ஒரு நிமிஷம் கூட ஆகாது. எல்லாரும் அண்ணாந்து பாக்குறப்ப பிக்பாக்கெட்காரன் கீழ பாப்பான், பர்ஸ முன்னாடி வைங்க. சைவத்துக்கு ஸ்மாஜெனி சீர்னு கேளுங்க, சீஸ ப்ரெட் தூள்ல பொரட்டி பொரிச்சு உருளைக்கிழங்கோட தருவாங்க. மூணு நாளும் அதையே தின்னா நான் பொறுப்பில்ல. சூப்பு மட்டும் கேக்காம வாங்காதீங்க, காய் சூப்புன்னாலும் பல இடத்துல கறி வேகவச்ச தண்ணிலதான் பண்ணுவாங்க.

பழைய பாவி:
அங்க கரன்சி கொருனா. டூரிஸ்ட் கடைல யூரோ வாங்குவான், ஆனா அவன் வச்சதுதான் ரேட்டு. ஏடிஎம்ல யூரோவுல கன்வர்ட் பண்ணவான்னு கேட்டா வேணாம்னு அமுக்குங்க. ரோட்டுல நின்னு மாத்தி தரேன்னு வர்றவன்கிட்ட பேச்சே வேணாம். அப்புறம் ட்ராம் டிக்கெட். நாங்க ரெண்டு பேப்பர் டிக்கெட் வாங்கி பத்திரமா பாக்கெட்ல வச்சிருந்தோம், மஞ்சள் பெட்டில விட்டு நேரம் குத்தணும்னு தெரியாது. செக்கர் வந்தப்ப பெருமையா எடுத்து நீட்டினேன். அன்னைக்கு ராத்திரி டின்னர் காசு ஃபைனா போச்சு, ஹோட்டல் ரூம்ல பிஸ்கட்டு. வைஃப் இன்னும் சொல்லிக்காட்டுறா. ட்ராம் உள்ளயே கார்டு மெஷின் இருக்கு, அதுல எடுத்தா குத்த வேண்டியதில்ல.

ஊர்சுத்தி:
சார்லஸ் பிரிட்ஜ் மட்டும் விடியறதுக்கு முன்னாடி போங்க. அரை கிலோமீட்டர்தான், சமதளம், ரெண்டு பக்கமும் 30 சிலை. பகல்ல திருவிழா கூட்டம், அந்த நேரத்துல ஆத்துல பனியும் ரெண்டு மூணு கேமராக்காரங்களும்தான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி மக்களே. 19ஐ 6ஆ குறைச்சாச்சு, அவளே பேனா புடிச்சு அடிச்சா. காலைல 6 மணிக்கு பிரிட்ஜுன்னு சொன்னதும் மூஞ்சிய திருப்பிட்டா, அத மட்டும் ப்ராக் போய் பேசிக்கிறேன்.