ரெய்டிலிருந்து கழற்றிய 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஃபார்மேட் ஆக மறுக்கிறது – உதவி தேவை

கேள்வி:
வணக்கம். லினக்ஸ் சர்வரில் 4 டிஸ்க் ரெய்டு 5-இல் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறை) இருந்த டிஸ்க் இது. வேறு கணினியில் தனி டிஸ்க்காகப் போட்டிருக்கிறேன். பழைய பார்ட்டிஷனை அழித்துப் புதிதாக ஒன்று போட்டும், ஃபார்மேட் கொடுத்தால் 'பயன்பாட்டில் உள்ளது' என்கிறது. எதுவும் மவுண்ட் ஆகவில்லை. எல்எஸ்பிஎல்கே (lsblk, டிஸ்க்குகளைப் பட்டியலிடும் கட்டளை) கொடுத்தால், இந்த டிஸ்க்கின் (எஸ்டிபி, sdb) பார்ட்டிஷனான எஸ்டிபி1-க்குக் கீழே எம்டி127 (md127) என்று தெரிகிறது. டிஸ்க் போய்விட்டதா?

பதில் 1:
டிஸ்க் போகவில்லை. ரெய்டு அடையாளம் அந்த டிஸ்க்கிலேயே எழுதியிருக்கும். அதற்கு சூப்பர்பிளாக் என்று பெயர். அது 1.2 வகை என்றால் பார்ட்டிஷன் தொடக்கத்திலிருந்து 4096-ஆவது பைட்டில் இருக்கும். பார்ட்டிஷனை அழித்தால் அட்டவணைதான் போகும், உள்ளே எழுதியது அப்படியே கிடக்கும். புதிய பார்ட்டிஷனும் அதே 2048-ஆவது செக்டாரில் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டு) தொடங்கினால், பழைய சூப்பர்பிளாக் மறுபடி அதே இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

ரெய்டு நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் (/proc/mdstat) கோப்பில் எம்டி127 என்ற ரெய்டு வரிசைக்கு 'இன்ஆக்டிவ், எஸ்டிபி1[2](எஸ்)' என்று இருக்கும். இயங்காத வரிசைதானே என்று விட்டுவிடாதீர்கள், அதுதான் டிஸ்க்கைப் பிடித்து வைத்திருக்கிறது.

முதலில் ஒன்று: சர்வரில் மாற்று டிஸ்க் போட்டு ரீபில்டு (மற்ற டிஸ்க்குகளிலிருந்து தரவை மீட்டுப் புதியதில் எழுதுவது) முழுதாக முடிந்ததா? முடியாவிட்டால் இதில் கை வைக்காதீர்கள். முடிந்திருந்தால், சீரியல் எண்ணை டிஸ்க் லேபிளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஅட்ம் (mdadm) கட்டளையில் ஸ்டாப் கொடுத்து எம்டி127-ஐ நிறுத்துங்கள். அடுத்து அதே கட்டளையில் எஸ்டிபி1-க்கு ஜீரோ-சூப்பர்பிளாக், அது சூப்பர்பிளாக்கை அழிக்கும். நிறுத்தாமல் கொடுத்தால் 'எழுதத் திறக்க முடியவில்லை' என்று நின்றுவிடும். பிறகு வைப்எஃப்எஸ் (wipefs) கட்டளை, ஆப்ஷன் எதுவும் இல்லாமல். அது அழிக்காது, மிச்சமுள்ள அடையாளங்களைப் பட்டியலிடும். அதைப் பார்த்த பிறகு, எல்லாவற்றையும் அழிக்க ஹைஃபன்-ஏ (-a) சேர்த்து எஸ்டிபி1-க்கு ஒரு முறை, எஸ்டிபி-க்கு ஒரு முறை. கடைசியில் புதிய ஜிபிடி (GPT) பார்ட்டிஷன் அட்டவணை.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். 0.90, 1.0 வகைகளிலும், மதர்போர்டு ரெய்டிலும் அடையாளம் கடைசிப் பக்கம் இருக்கும். தொடக்கத்தில் சில எம்பி பூஜ்யம் எழுதினால் அங்கே எட்டாது. ஃபார்மேட் நன்றாக ஆகிவிடும், பிறகு ஒருநாள் பூட் ஆகும்போது ரெய்டு வந்து டிஸ்க்கைப் பிடித்துக்கொள்ளும். நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) டிஸ்க்குகளில் பார்ட்டிஷன்கள் பல இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனியாக அழிக்க வேண்டும்.

கேட்டவர்:
ரீபில்டு முன்பே முடிந்தது. நிறுத்தி, அழித்தாயிற்று. வைப்எஃப்எஸ் இப்போது எதுவும் காட்டவில்லை, ஃபார்மேட்டும் ஆனது. ஆனால் ஸ்மார்ட்டில் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் அறிக்கை) 197-ஆவது வரி (நிலுவையில் உள்ள செக்டார்கள்) 8 காட்டுகிறது, 5-ஆவது வரி (மாற்றிடத்துக்குப் போன செக்டார்கள்) 0. பயன்படுத்தலாமா?

பதில் 1:
இன்னும் தரவு ஏற்றாதீர்கள். 8 செக்டார்கள் படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கின்றன. டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதுங்கள். எழுதும்போதுதான் அந்தச் செக்டார் தேறுமா, மாற்றிடத்துக்குப் போகுமா என்று டிஸ்க் முடிவெடுக்கும். பிறகு ஸ்மார்ட் நீண்ட சோதனை, 4 டிபி-க்குப் பல மணி நேரம் பிடிக்கும். 197 பூஜ்யமாகி, 5-உம் பூஜ்யத்திலேயே நின்றால் பயன்படுத்தலாம். 5 ஏறினால், வேறு பிரதி இல்லாத எதையும் இதில் வைக்காதீர்கள். பூஜ்யம் எழுதியதில் இப்போது போட்ட ஃபார்மேட் போய்விடும், அட்டவணையிலிருந்து மறுபடி போட வேண்டும்.