26 வருஷம் தொழுவத்துல நின்ன மார்க் 2 அம்பாசடர், சுரண்டிப் பெயிண்டு அடிக்கணுமா?

கல்லிடை பேரன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எங்க தாத்தாவோட அம்பாசடர் மார்க் 2, 1970 மாடல், கல்லிடைக்குறிச்சி வீட்டுத் தொழுவத்துல 1999ல நிறுத்துனது, மாடெல்லாம் வித்த பொறவு இது ஒண்ணுதான் அங்கன கெடக்கு. பாகம் பிரிச்சதுல எம் பங்குக்கு வந்துட்டு. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், ஸ்டீயரிங் பக்கத்துல கியரு, முன்னாடி நீளச் சீட்டு, எல்லாம் வந்தபடியே இருக்கு. சீட்ட எலி கொஞ்சம் கடிச்சிருக்கு, டிக்கி ஓரம் துரு, பெயிண்டு மங்கிட்டு ஆனா உரியல. ஒரு ஒர்க்‌ஷாப்ல கேட்டேன், மொத்தமா சுரண்டி புதுப் பெயிண்டு, பிந்தி வந்த அம்பாசடர்ல இருந்த இசுஸு எஞ்சின், அஞ்சு கியரு, பக்கெட் சீட்டுன்னு அடுக்குதாரு. எனக்கு மனசு ஒப்பல. பின் கதவுல எங்க ஆச்சி வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிட்டு வெரலத் தொடச்ச தடம் இன்னும் இருக்கு. ஆனா வண்டி ஓடவும் செய்யணும்லா, எதை விடணும் எதை மாத்தணும்? பேட்டரி போட்டு ஒரு செல்ஃப் அடிச்சுப் பாப்பமான்னு மச்சான் கேக்கான்.

பேட்டை பட்டறை:
ஏ தம்பி, மச்சான் கையக் கட்டிப் போடு மொதல்ல. 26 வருஷம் நின்ன எஞ்சின்ல பிஸ்டன் ரிங்கு சிலிண்டரோட ஒட்டியிருக்கும், செல்ஃப் அடிச்சா ரிங்கு ஒடியும் இல்ல சிலிண்டர் கீறும், அப்பொறம் ஒரிஜினல் எஞ்சினாவது ஒண்ணாவது. நாலு பிளக்கையும் கழத்து, ஒவ்வொரு ஓட்டைலயும் ரெண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விடு, நாலஞ்சு நாளு ஊறட்டும். பொறவு பழைய ஆயில வடிச்சுப் புதுசு ஊத்தி, முன்னாடி ஹேண்டில் ராடு போட்டுக் கையால மெதுவா திருப்பு, அசையலன்னா இன்னும் ஊறப்போடு, பலம் காட்டாத. டேங்குல இருக்கது பெட்ரோலே இல்ல, பசை, டேங்க இறக்கிக் கழுவணும். பேட்டரி மாட்டும்போது எந்தக் கேபிள் பாடிக்குப் போகுதுன்னு பாத்துக்க, பழைய லூக்காஸ் வயரிங்ல பாசிட்டிவ் எர்த்தும், அதாவது பிளஸ் பாடிக்குப் போறதும் உண்டு, மாத்திக் குடுத்தா சோலி முடிஞ்சு.

பிரேக்குல மட்டும் ஒரிஜினல் ஒரிஜினல்னு நிக்காத. நாலு வீல்லயும் டிரம்மு, உள்ள வீல் சிலிண்டர் வாஷர், மாஸ்டர் சிலிண்டர் கிட்டு, ரப்பர் ஹோஸ் எல்லாம் கண்ண மூடிட்டுப் புதுசு போடு, டயரும் அப்படித்தான். கழத்துன சாமானைத் தூக்கிப் போடாம பேர் எழுதிச் சாக்குல கட்டி வையி.

பொருநைக்கரை:
பெயிண்டு விஷயத்துல நான் உங்க பக்கம். ஃபேக்டரில அடிச்ச பெயிண்டு ஒரு தடவதான், சுரண்டிட்டா வராது. காஞ்ச துணியால தூசியத் தொடைக்காதீங்க, மண்ணே பெயிண்ட அறுத்துரும், நெறைய தண்ணி விட்டுக் கழுவிட்டு லேசா பாலிஷ், அப்பொறம் வேக்ஸ். டிக்கி துரு இருக்க எடத்த மட்டும் டிங்கரிங் பண்ணி அங்க மட்டும் டச்சப், கலர் கொஞ்சம் பிசகுனாப் பிசகட்டும். சீட்டுக்கும் எலி கடிச்ச எடத்துல உள்ளுக்குள்ள ஒட்டுத் துணி, மேலத் துணி அதேதான்.

இசுஸு எஞ்சின் போட்டா இன்னொண்ணும் போச்சு. 2021ல மத்திய அரசு கொண்டாந்த விண்டேஜ் விதிப்படி மொதப் பதிவுலருந்து 50 வருஷம் தாண்டிருக்கணும், சேஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாத்தம் இருக்கக் கூடாது. உங்க வண்டி வயசுல பாஸ். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரையே வச்சுக்கலாம், அதுதான் இதுல ருசியே. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000, 10 வருஷம் செல்லும், பொறவு புதுப்பிக்க 5,000. ஆனா அதுல பதிஞ்சா ராலி, கண்காட்சி, ரிப்பேர், பெட்ரோல் போட இப்படித்தான் ரோட்டுல எடுக்கலாம். தெனமும் அம்பைக்குக் காய்கறி வாங்கப் போணும்னா சாதாரண ஆர்.சி.யப் புதுப்பிக்கற வழியப் பாருங்க.

பழைய டிரைவர்:
இசுஸு எஞ்சின் நல்ல எஞ்சின்தான், நானே ஓட்டிருக்கேன், அதக் கொற சொல்லல. ஆனா அது வேற வண்டி.

பெட்ரோலப் பத்தி யாரும் சொல்லல. நீங்க நிறுத்தும்போது ஈயம் கலந்த பெட்ரோலும் ஓடிட்டிருந்துச்சு, 2000ல நாடு முழுக்க நிறுத்திட்டாங்க. அந்த ஈயந்தான் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டு, அதாவது பொக போற வால்வு உக்காருத எடம், தேயாமக் காத்துச்சு. அம்பதுல ஓட்டுனா பயமில்ல, நாலுவழிச்சாலைல எண்பது தொண்ணூறுன்னு மிதிக்காதீங்க, டாப்பெட் கேப்ப (வால்வுக்கும் அத அமுக்குத ராக்கருக்கும் நடுவுல விடுற எடவெளி) அப்பப்பப் பாருங்க, கொறஞ்சுட்டே வந்தா சீட்டு இறங்குதுன்னு அர்த்தம். இப்ப பங்க்ல வாரதுல 20 சதவீதம் எத்தனால் வேற, பழைய ரப்பர் டியூபும் பம்பு டயாபிரமும் தாங்காது, எத்தனாலுக்கு ஏத்ததாப் பாத்துப் போடுங்க. ஓட்டாம நிறுத்துனா டேங்குல விட்டு வைக்காதீங்க, ஈரத்த இழுக்கும்.

கல்லிடை பேரன்:
எல்லாருக்கும் நன்றி. சனிக்கெழம பிளக்கக் கழத்தி ஆயில் விட்டாச்சு, மூணாவது பிளக்கு மட்டும் வர மாட்டேன்னு ஒரு மணி நேரம் அழுதுச்சு. இன்னைக்கு ஹேண்டில் போட்டுப் பாத்தேன், கால் சுத்து வந்து நின்னுட்டு, சரின்னு திரும்ப ஊறப் போட்டுட்டேன். சைலன்சர்ல கை விட்டாக் குளவிக்கூடு! மச்சான் கதவக் கழுவுதேன்னு வாளியோட வந்தான், பின் கதவு கிட்ட மட்டும் விடல. பேட்ட அண்ணாச்சி, அந்தக் கேபிளப் பாத்தேன், பிளஸ்தான் பாடிக்குப் போகுது, அப்படியே விட்டுரவா?

பேட்டை பட்டறை:
அப்படியே விடு. பேட்டரி பிளஸ்ஸ அந்தப் பாடிக் கேபிள்லயே மாட்டிக்க, ஒயரத் தொடாத. ரேடியோ மாட்டுதேன்னு எவனாவது வந்தா மட்டும் பாசிட்டிவ் எர்த்துன்னு சொல்லு.